கால் படாத ஓட்டம்

அண்ணி: கம்பியை விடு.

நாத்தனார்: விடறேன், விடறேன். அவசரப்படுத்தாதீங்க... கீழ தரை எவ்வளவு ஆழத்துல இருக்கு?

அண்ணி: உனக்கு எட்டாத ஆழத்துல. இடுப்புல மிதவைப் பட்டை கட்டியிருக்குல்ல, அது தூக்கிப் பிடிச்சுக்கும். தலை தண்ணிக்கு மேலயே நிக்கும்.

நாத்தனார்: கண்ணுதான் பள்ளிக்கூடம் முடிக்கிறதுக்குள்ள போயிடுச்சு. இப்போ காலுக்குக் கீழ தரையும் இல்லேன்னா எனக்குன்னு என்ன அண்ணி மிச்சம்?

அண்ணி: வாய் இருக்கே. அது எந்த ஆழத்துலயும் மிதக்கும்.

நாத்தனார்: ...விட்டுட்டேன்.

அண்ணி: பார்த்தியா, ஒண்ணும் ஆகலை.

நாத்தனார்: பாக்கலை. ஆனா ஒத்துக்கறேன்.

அண்ணி: இப்போ ரோட்ல ஓடுற மாதிரியே ஓடு. முட்டியைத் தூக்கு, கையை வீசு. குனியாத. குனிஞ்சா மூக்குக்குள்ள தண்ணி போயிடும்.

நாத்தனார்: நான் எங்கயும் போகலையே.

அண்ணி: போகமாட்ட. கொஞ்சம் கொஞ்சமா ஊர்வோம். அவ்வளவுதான்.

நாத்தனார்: இதுக்கா தினமும் விடிஞ்சதும் விடியாததுமா பையைத் தூக்கிட்டுக் கிளம்பறீங்க? நீங்க இங்க மீன் மாதிரி நீந்தறீங்கன்னு இல்ல நான் நினைச்சிட்டிருந்தேன். ஆபீஸ்ல வேற எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

அண்ணி: என்னன்னு?

நாத்தனார்: எங்கண்ணிக்குப் பாதத்து எலும்புல கீறல் விட்டுடுச்சு, ஆனா ஆள் அசரலை, நீச்சல் அடிச்சே மாரத்தானுக்குத் தயாராகறாங்கன்னு.

அண்ணி: எனக்கு நீச்சலே தெரியாது.

நாத்தனார்: தெரியாதா? அப்போ இந்தப் பட்டை கழண்டுச்சுன்னா?

அண்ணி: ரெண்டு பேரும் சேர்ந்து கத்துவோம். அங்க உயரமா ஒரு நாற்காலியில விசிலோட ஒருத்தர் உக்காந்திருக்கார்.

நாத்தனார்: அவர் கொட்டாவி விடறது மட்டும்தான் எனக்குக் கேக்குது.

அண்ணி: பேசிக்கிட்டே நிறுத்தாத. மூச்சு வாங்கணும்.

நாத்தனார்: வாங்குது, வாங்குது. தண்ணி வரலை, தண்ணி வரலைன்னு நாள் முழுக்க போன்ல அத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கறேன். அவங்க வீட்டுத் தண்ணியெல்லாம் இங்கதான் வந்து கிடக்கு போல.

அண்ணி: இதை உன் மேலதிகாரிகிட்ட சொல்லிடாத. புகார் எடுக்கிறவளே புகார் குடுத்தா அவர் எங்க போவார்.

நாத்தனார்: நிஜமாவே கேக்கறேன் அண்ணி. தரையில கால் படாம ஓடினா, ஓட்டம் உடம்புல தங்குமா?

அண்ணி: காலுக்குப் பயிற்சி குடுக்கற பிசியோகிட்ட நானும் இதையேதான் கேட்டேன். எலும்புக்குத்தான் ஓய்வு வேணும், நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேண்டாம்னார். அதுங்களைச் சும்மா விட்டா சொகுசு கண்டுடுமாம். அதனால தண்ணி, நடுவுல சில நாள் அந்த நின்ன இடத்துலயே சுத்தற சைக்கிள். பாதத்துல பாரம் ஏத்தாம மூச்சை மட்டும் வேலை வாங்கணும்.

நாத்தனார்: எவ்வளவு நேரம் வேகமா ஓடணும்னு எப்படித் தெரியும்? இங்க மைல் கல்லா இருக்கு?

அண்ணி: ரேடியோ கேக்குதுல்ல? ஒரு பாட்டு முடியற வரைக்கும் உயிரைக் குடுத்து ஓடணும். அடுத்த பாட்டுக்கு மெதுவா.

நாத்தனார்: விளம்பரம் வந்தா?

அண்ணி: ஓய்வு. சில நாள் ஓய்வே ஜாஸ்தியாயிடும்.

நாத்தனார்: இப்போ வர்றது வேகமா, மெதுவா?

அண்ணி: வேகம். ஓடு... கையை மடக்கு. இன்னும் கொஞ்சம்... அப்படித்தான்.

நாத்தனார்: நாக்கு தள்ளுது அண்ணி. இது ரோட்டை விட மோசம். தண்ணி ஒரு பக்கம் பிடிச்சு இழுக்குது...

நீச்சல்காரர்: அம்மா, ஏதாவது உதவி வேணுமா? ரொம்ப நேரமா ரெண்டு பேரும் ஒரே இடத்துல துடிச்சிட்டிருக்கீங்க.

அண்ணி: இல்லைங்க. நாங்க ஓடிட்டிருக்கோம்.

நீச்சல்காரர்: ஓடறீங்களா...

நாத்தனார்: ஆமாங்க. கொஞ்சம் வழி விடுங்க, பின்னாடி இன்னும் ஆளுங்க வர்றாங்க.

நீச்சல்காரர்: ...சரிங்க. பாத்து ஓடுங்க.

அண்ணி: பாவம். போகும்போது திரும்பித் திரும்பிப் பாக்கிறார்.

நாத்தனார்: பாக்கட்டும். வீட்டுக்குப் போய்ச் சொல்ல அவருக்கும் ஒரு கதை வேணும்ல... பாட்டு முடிஞ்சிடுச்சு.

அண்ணி: மெதுவா ஓடு. இப்போ நான் ஒண்ணு கேக்கறேன்.

நாத்தனார்: கேளுங்க.

அண்ணி: உங்கண்ணன் ஏன் நொண்டறார்?

நாத்தனார்: ...யாரு?

அண்ணி: உனக்கு எத்தனை அண்ணன்?

நாத்தனார்: நொண்டறானா என்ன? எனக்கு எப்படித் தெரியும், நான் பார்த்தேனா?

அண்ணி: பக்கத்து ரூம்ல நான் புரண்டு படுத்தாலே, காலைல வந்து 'தூக்கம் வரலையா அண்ணி'ன்னு கேக்கறவ நீ. ஹால்ல ஒரு ஆள் காலை இழுத்து இழுத்து நடக்கறது உனக்குக் கேக்கலையாக்கும்.

நாத்தனார்: அவன்கிட்டயே கேக்கறதுதானே?

அண்ணி: கேட்டேன். கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சாம், தூக்கத்துல. தூக்கத்துல எங்க போய்ட்டு வந்தீங்கன்னேன். கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி, அதுக்கப்புறம் சத்தமே இல்லை. என் பாதத்துக்குன்னு வாங்கின வலி மருந்து டியூப் வேற பாதி காலி. நான் தொடவே இல்லை.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: ம்.

நாத்தனார்: நான் இன்னைக்கு வேடிக்கைக்கு வரலை.

அண்ணி: வேடிக்கை பாக்க வரலைன்னு எனக்குத் தெரியாதா.

நாத்தனார்: விளையாடாதீங்க. ஒண்ணு சொல்லணும். வீட்ல சொல்லப் பார்த்தேன், முடியலை. நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்களோன்னு பயம். தண்ணிக்குள்ளன்னா சட்டுனு எந்திரிச்சுப் போக முடியாதுல்ல.

அண்ணி: நல்லாத்தான் யோசிச்சிருக்க. சொல்லு.

நாத்தனார்: உங்க கால் போன அன்னைக்கு... ஞாபகம் இருக்கா?

அண்ணி: மறக்குமா. புது ஷூ. மாரத்தான் வருதுன்னு தூரத்தை ஒரேயடியா ஏத்தினோம். நாள் முழுக்கக் கடையில நின்னு அடுத்தவங்க மூக்குல கண்ணாடி மாட்டிப் பாத்தேன். எல்லாம் சேர்ந்து ஒரே எலும்புல வந்து உக்காந்துச்சு.

நாத்தனார்: எனக்கு முதல்ல கயித்துலதான் தெரிஞ்சது. நீங்க ஒரு முனை, நான் ஒரு முனை பிடிச்சிட்டு இத்தனை வருஷம் ஓடியிருக்கோம். உங்க கையோட ஆட்டம் என் கைக்கு ஒரே சீரா வந்துட்டிருக்கும். அன்னைக்கு அந்த வளைவுல திடீர்னு தொய்ஞ்சது. நீங்க ரோட்லயே உக்காந்துட்டீங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

அண்ணி: எனக்குக் கால் மட்டும்தான் ஓடலை.

நாத்தனார்: அண்ணனுக்கு போன் போட்டேன். நான் ஓடறதே அவனுக்கு ஆகாது. நீங்க கல்யாணமாகி வந்த புதுசுல, உங்க கடைக்குப் பின்னாடி வண்டி நிறுத்தற இடத்துல என்னை ஓட வச்சீங்கள்ல, அது தெரிஞ்சப்போ உங்ககூட எவ்வளவு நாள் பேசாம இருந்தான்?

அண்ணி: அது கோபத்துல பேசாம இருந்தாரா, எப்பவும் போல பேசாம இருந்தாரான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியலை.

நாத்தனார்: ஒரு போட்டிக்குக்கூட வந்து நின்னதில்லை. நான் விழறதைப் பாக்க முடியாதுன்னுட்டான். நான் விழுவேன்னே முடிவு பண்ணிட்டான். ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டை ஒரு பிடி பிடிப்பான் பாருங்க, வீட்டுக்கு வந்தப்புறமும் அந்த இடம் சூடா இருக்கும். அன்னைக்கும் வந்து சத்தம் போடுவான்னுதான் நினைச்சேன். போடலை. உங்களைத் தூக்கி கார்ல உக்கார வச்சான். ரோட்ல கிடந்த கயித்தை எடுத்தான். 'இதுதானா அது'ன்னு கேட்டான். அத்தனை வருஷத்துல அதைக் கையில வாங்கிப் பார்த்ததே இல்லை அவன்.

அண்ணி: இது எனக்குத் தெரியாதே. நான் உள்ள பல்லைக் கடிச்சிட்டிருந்தேன்.

நாத்தனார்: அப்புறம் டாக்டர், கால் அசையாம இருக்க முட்டி வரைக்கும் அந்தப் பெரிய பூட்ஸ், எல்லாம் ஆச்சு. பூட்ஸைக் கழட்டினதும் நீங்க இந்தக் குளத்துக்கு வர ஆரம்பிச்சீங்க. தினமும் அவன் உங்களை இங்க இறக்கி விடுவான், காத்து வாங்கக் கூட வர்ற என்னைத் திரும்ப வீட்ல விடுவான். ஒரு நாள் ஏரி ரோட்ல வண்டியை நிறுத்தினான். டீ குடிக்கலாம்னான். குடிச்சு முடிச்சும் வண்டி கிளம்பலை. ஜன்னல் திறந்திருந்தது. ஏரியைச் சுத்தி ஆளுங்க ஓடற சத்தம். என்னையறியாம என் கால் கார் தரையில தாளம் போட்டிருக்கு. 'ஓடணுமா'ன்னு கேட்டான்.

அண்ணி: அவரா கேட்டார்?

நாத்தனார்: அவனேதான். 'யாரோட'ன்னேன். அவன் பக்கக் கதவு திறந்துச்சு. அப்புறம் என் பக்கக் கதவு. வந்து மணிக்கட்டைப் பிடிச்சான். 'மணிக்கட்டு இல்லண்ணா, கயிறு'ன்னேன். உடனே கயித்தை எடுத்து என் கையில வச்சான்.

அண்ணி: கயிறு எங்கேர்ந்து வந்துச்சு?

நாத்தனார்: அவன் பாக்கெட்லேர்ந்து.

அண்ணி: ...

நாத்தனார்: அண்ணி? தண்ணிச் சத்தம் நின்னுடுச்சே.

அண்ணி: விளம்பரம் வந்துச்சு. அதான் நிறுத்தினேன்.

நாத்தனார்: பாட்டு அதுபாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கு.

அண்ணி: ...காலைல கார்ல ஏறும்போது அவர் பாக்கெட்டைத் தடவிப் பாப்பார். சாவி இருக்கான்னு பாக்கறார்னு நினைச்சேன். சரி, சொல்லு. என்ன போட்டுக்கிட்டு ஓடினார்?

நாத்தனார்: ஆபீஸ் சட்டை, ஆபீஸ் ஷூ. டக்கு டக்குனு குதிரை வண்டி மாதிரி. ரெண்டு விளக்குக் கம்பம் தாண்டலை, நின்னுட்டான். எனக்கு அவன் மூச்சைக் கேட்டே பயமாயிடுச்சு. போதும்ண்ணான்னேன். அடுத்த நாளும் டீ குடிக்க நிறுத்தினான்.

அண்ணி: டீ குடிச்சாரா?

நாத்தனார்: அந்தக் கடை எங்க இருக்குன்னே அப்புறம் மறந்துட்டோம். போன வாரம் ஏரியை ஒரு முழுச் சுத்து சுத்திட்டோம் அண்ணி. அன்னையிலேர்ந்துதான் கெண்டைக்கால் பிடிச்சிருக்கு. இன்னைக்கு ஓய்வு எடுன்னு நான்தான் சொன்னேன்.

அண்ணி: வழி சொல்லத் தெரியுதா அவருக்கு? பள்ளம், மேடெல்லாம்?

நாத்தனார்: அதைத்தான் சொல்ல வந்தேன். ஓடும்போது பேசறான் அண்ணி.

அண்ணி: என்ன பேசறார்?

நாத்தனார்: வாயே மூட மாட்டேங்கறான். நீங்க அளவா சொல்வீங்க. இடது, வலது, தண்ணி தேங்கியிருக்கு, ஆள் வர்றார். ஓட்டத்துக்கு அதுதான் சரி. இவன் எல்லாத்தையும் சொல்றான். ஒரு வீட்டு மாடியில நீலச் சட்டை காயுதாம், ஒரு கை உள்பக்கமாவே மாட்டிக்கிச்சாம், யாரும் சரி பண்ணலையாம். ஒருத்தர் நாய்க்கு ரொட்டி போடறாராம், நாய் வேற எங்கயோ பாக்குதாம். ஏரி இன்னைக்குப் பழைய அலுமினியப் பாத்திரம் மாதிரி இருக்காம். மூச்சு வாங்கிக்கிட்டே சொல்றான். எதுக்குடா இவ்வளவு பேச்சு, மூச்சை மிச்சம் பிடின்னா கேக்க மாட்டேங்கறான்.

அண்ணி: எங்கிட்ட இத்தனை வருஷத்துல ஒரு சட்டையைப் பத்திப் பேசினதில்லை அந்த மனுஷன். உப்பு சரியா இருக்கான்னு கேட்டாலே 'ம்'னு ஒரு சத்தம்தான்.

நாத்தனார்: பொறாமையா?

அண்ணி: லேசா இருக்கு. வேற என்னல்லாம் சொன்னார்?

நாத்தனார்: கேளுங்களேன். எனக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சப்போ, ஸ்கூலுக்கு நடந்து போற வழியில இப்படித்தான் எல்லாத்தையும் சொல்லிட்டே வருவான். முழுசாப் போனதும் நிறுத்திட்டான். அதுக்கப்புறம் மணிக்கட்டு மட்டும்தான். ஏன்னு நானும் கேட்டதில்லை. போன வாரம் ஓடும்போது கேட்டேன்.

அண்ணி: என்ன சொன்னார்?

நாத்தனார்: ஒரு வளைவைத் தாண்டினோம். அப்புறம் 'நான் பாக்கறதைச் சொன்னா உனக்கு வலிக்குமோன்னு நினைச்சேன்'னான். 'வலிக்கலை, சொல்லு'ன்னேன். உடனே ஒரு பஸ்ஸைப் பத்திச் சொன்னான்.

அண்ணி: என் பக்கம் ரொம்ப ஒதுங்கி வந்துட்ட. கொஞ்சம் இடதுபக்கம் போ... ஆங்.

நாத்தனார்: இன்னொண்ணு இருக்கு அண்ணி. என் முட்டியில சிராய்ச்சிருந்ததே, ஆபீஸ் படியில விழுந்தேன்னு சொன்னேனே.

அண்ணி: விழலையா?

நாத்தனார்: விழுந்தேன். படியில இல்லை. அவன் ஏதோ பறவையைப் பத்திச் சொல்லிட்டிருந்தான், வேகத்தடையைக் கவனிக்கலை. ரெண்டு பேரும் குப்புற விழுந்தோம். என் முட்டி, அவன் முழங்கை. எனக்கு வலியை விட பயம்தான். முடிஞ்சுது, இனி ஜென்மத்துக்கும் என்னை வீட்டை விட்டு வெளிய விடமாட்டான்னு நினைச்சேன். அவன் ரோட்ல உக்காந்தே இருந்தான். என் முட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

அண்ணி: அப்புறம்?

நாத்தனார்: 'இவ்வளவுதானா'ன்னான்.

அண்ணி: என்னது?

நாத்தனார்: இவ்வளவுதானான்னு. அவன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. திட்டலை, அழலை. தெரியாத ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி கேட்டான். இத்தனை வருஷம் எதுக்குப் பயந்தானோ அது நடந்து முடிஞ்சுது, முட்டியில கொஞ்சம் தோல் போச்சு, நான் உக்காந்து பேசிட்டிருக்கேன். 'இவ்வளவுதான்ண்ணா, எந்திரி'ன்னேன். எந்திரிச்சான். மிச்ச தூரத்தையும் ஓடிட்டுத்தான் வந்தோம்.

அண்ணி: ...கொஞ்ச நேரம் கம்பியைப் பிடிச்சுக்கலாமா?

நாத்தனார்: அழறீங்களா?

அண்ணி: குளோரின். கண்ணு எரியுது.

நாத்தனார்: உங்களுக்கும் பாதி அண்ணன் புத்தி வந்துடுச்சு. காதுல பூ சுத்தறதுக்கு நான்தான் கிடைச்சேன்.

அண்ணி: இதைச் சொல்றதுக்கா இவ்வளவு பயந்த?

நாத்தனார்: இல்லை. சொல்ல வேண்டியது இனிமேதான். வர்ற ஞாயித்துக்கிழமை மாரத்தான்ல நாம ரெண்டு பேரும் பெரிய தூரத்துக்குப் பேர் குடுத்திருந்தோம்ல... நான் மாத்திட்டேன். பத்துக் கிலோமீட்டருக்கு. கூட ஓடறவர்னு அண்ணன் பேரைக் குடுத்துட்டேன். அவனால அதுக்கு மேல முடியாது. அதுவே பாதி நடந்துதான் முடிப்பான்.

அண்ணி: சரி.

நாத்தனார்: சரியா? நீங்க எனக்காகத்தானே இந்தத் தண்ணியைப் போட்டு தினமும் மிதிச்சிட்டிருக்கீங்க? உடம்பு விட்டுடக் கூடாது, கால் ஆறினதும் என்னைக் கூட்டிட்டு ஓடணும்னுதானே? நீங்க இங்க உயிரை விட்டுட்டிருக்கீங்க, நான் அங்க வேற ஆளோட ஓடிட்டிருக்கேன். ராத்திரியெல்லாம் என்னமோ மாதிரி இருக்கும் எனக்கு.

அண்ணி: வேற ஆளா அவர்? என் புருஷன்.

நாத்தனார்: அண்ணனுக்கும் அதே உறுத்தல்தான். தினமும் ஓடி முடிச்சதும் சொல்வான், 'இது உங்கண்ணி கால் சரியாகற வரைக்கும்தான், அவதான் உனக்குச் சரியான துணை, நான் சும்மா இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன்'னு. உங்ககிட்ட சொல்லலாம்னா வேண்டாங்கறான். கால் வலியோட இருக்கறவகிட்ட போய் இதைச் சொல்லி வருத்தப்பட வைக்காதேங்கறான்.

அண்ணி: ம்.

நாத்தனார்: 'ம்'மா? இதுவும் அண்ணன் மாதிரியே... அண்ணி, ஒரு நிமிஷம்.

அண்ணி: என்ன?

நாத்தனார்: நான் இப்போதான் யோசிக்கறேன். அண்ணன் என்கூட ஓடறான்னு சொன்னப்போ நீங்க ஆச்சரியப்படவே இல்லையே.

அண்ணி: பட்டேனே. பாக்கெட்ல கயிறுன்னு சொன்னப்போ மூச்சே நின்னுடுச்சு எனக்கு.

நாத்தனார்: அது பாக்கெட்டுக்கு. ஓடினதுக்கு இல்லை. ஜென்மத்துல ஓடாத மனுஷன் ஓடறான்னு சொன்னா யாரா இருந்தாலும் 'அவரா, ஓடினாரா'ன்னு கேப்பாங்க. நீங்க 'என்ன போட்டுக்கிட்டு ஓடினார்'னு கேட்டீங்க.

அண்ணி: நீ போன் எடுக்கற வேலைக்குப் போயிருக்கக் கூடாது. வக்கீலாகியிருக்கணும்.

நாத்தனார்: பேச்சை மாத்தாதீங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அண்ணன் சொல்லிட்டானா?

அண்ணி: அவர் சொல்லலை. நான் பார்த்தேன்.

நாத்தனார்: எங்க?

அண்ணி: ஏரி ரோட்ல. ஒரு வேனுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். அவர் ஒரு கையில கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லிட்டு வந்தார். நீ தலையைப் பின்னாடி சாய்ச்சு சிரிச்சிட்டு வந்த. என்ன சொல்றார்னு காதுல விழலை. அதுதான் அன்னையிலேர்ந்து எனக்குத் தலை வெடிச்சுது. இந்த மனுஷன் அப்படி என்னத்தைச் சொல்லி இவளைச் சிரிக்க வைக்கிறார்னு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

நாத்தனார்: இருங்க, இருங்க. காலைலதானே நாங்க ஓடுவோம். அந்த நேரத்துல நீங்க இங்க இல்ல இருப்பீங்க? நாங்கதானே வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போவோம்.

அண்ணி: ஆமா.

நாத்தனார்: அப்போ எப்படி ஏரி ரோட்டுக்கு வந்தீங்க? வாடகை வண்டியா?

அண்ணி: இல்லை.

நாத்தனார்: நடந்தா நாங்க முடிச்சுப் போறதுக்குள்ள வந்திருக்க முடியாது. அது எவ்வளவு தூரம். சைக்கிளா?

அண்ணி: ஓடி வந்தேன்.

நாத்தனார்: ...

அண்ணி: கம்பியைக் கெட்டியாப் பிடி. வழுக்கும்.

நாத்தனார்: டாக்டர் இன்னும் ஓடக்கூடாதுங்கறார்னு நேத்து சாப்பிடும்போதுகூட சொன்னீங்களே.

அண்ணி: சொன்னேன்.

நாத்தனார்: உங்க கால்...

அண்ணி: படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு கூடிடுச்சு, மெதுவா ஓட ஆரம்பிங்கன்னார். எனக்கு இருப்பு கொள்ளலை. மறுநாள் காலைல நீங்க இறக்கி விட்டுட்டுப் போனதும், குளத்துல இறங்காம அப்படியே ரோட்டுக்கு வந்துட்டேன். வீட்டுக்கு ஓடி வந்து கதவைத் தட்டி உன்னை அசத்தலாம்னு. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. பாதம் இப்போதான் தரையைப் பழகற குழந்தை மாதிரி தத்தித் தத்தி வந்துச்சு, ஆனா மூச்சு அப்படியே இருந்துச்சு. தண்ணி அதைப் பத்திரமா வச்சிருந்துச்சு. ஏரி ரோட்ல திரும்பினேன். நீங்க எதிர்ல வந்துட்டிருந்தீங்க.

நாத்தனார்: ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?

அண்ணி: வாய் வரைக்கும் வந்துச்சு. வேனுக்குப் பின்னாடி ஒதுங்கிட்டேன். நீங்க தாண்டிப் போனதும் திரும்பி வந்து இந்தத் தண்ணியில இறங்கிட்டேன்.

நாத்தனார்: அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் தண்ணிதானா?

அண்ணி: ஒரு நாள் தண்ணி, ஒரு நாள் ரோடு. நீங்க ஏரிப் பக்கம் போவீங்க, நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போயிடுவேன். திரும்பி வந்து தலையை நனைச்சுக்கிட்டு, அவர் கூட்டிட்டுப் போக வர்றதுக்குள்ள குளத்து வாசல்ல நிப்பேன். அந்தப் பெரிய தூரத்துக்கு என் பேர் இன்னும் அப்படியேதான் இருக்கு. தனியா ஓடறேன்னு மாத்திக் குடுத்திருக்கேன்.

நாத்தனார்: தனியாவா? நீங்க தனியா ஓடியே எவ்வளவு வருஷமாச்சு.

அண்ணி: அதான். உன் வேகம் எனக்கு அத்துப்படி. என் வேகம் என்னன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு.

நாத்தனார்: அப்போ நாங்க குத்த உணர்ச்சியில செத்துட்டிருந்தோம், நீங்க ஜம்முனு ஓடிட்டிருந்தீங்க... கால் ஆறிடுச்சுன்னு ஒரு வார்த்தை ஏன் அண்ணி வீட்ல சொல்லலை?

அண்ணி: சொல்லியிருந்தா, அந்த நிமிஷமே அவர் கயித்தை எடுத்து என் கையில குடுத்திருப்பார்.